சம்பந்தி வீட்டு அறை

பத்மாசனி அக்கா ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த அன்று, அவவின் பிள்ளைகள் இரண்டு பேரும் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். தாயை இனி எங்கே வைத்திருப்பது என்பதுதான் கதை. தாய் உள்ளறையில் கட்டிலில் கிடந்தா. யன்னல் திறந்திருந்தது. அவவுக்குப் பழுது வந்தது இடுப்பில், காதில் இல்லை.

உருத்திரபுரத்தில் நாங்கள் அடுத்தடுத்த வளவு. கார்த்திகை மழையில் அவ கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது சத்தம் கேட்டு ஓடிப்போனது நான்தான். இடுப்பில் கம்பி வைத்து, தைப்பொங்கலுக்கு நாலு நாள் இருக்க வீட்டுக்கு விட்டார்கள். அவவுக்கு எழுபத்திரண்டு வயது. தண்ணீர் அள்ளக் கூடாது, குனியக் கூடாது, தனிய இருக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் இரண்டையும் அவ ஏற்றுக்கொண்டா. மூன்றாவதுதான் அவவுக்கு விளங்கவில்லை. புருசன் தவராசா அண்ணை செத்த நாளிலிருந்து ஆறு வருசமாக அவ தனியத்தான் இருக்கிறா.

மூத்தவன் சதீஸ் வவுனியாவில் கட்டடச் சாமான் கடை ஒன்றில் வேலை. இளையவன் வினோதன் புதுக்குடியிருப்பில் வாத்தியார். இரண்டு பேரும் குணமான பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பேருக்கும் வீடு இல்லை. அவர்கள் இருப்பது பெண்சாதிமாரின் வீட்டில். எங்கள் ஆக்களிடம் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் பேசும்போதே பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டை மகளின் பேரில் எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அங்கே போய் ஏறுவான். பத்மாசனி அக்காவுக்கு இரண்டும் ஆண் என்று கண்டபோது ஊரில் எல்லாரும் கொடுத்து வைத்தவ என்று சொன்னார்கள். மற்றப் பக்கத்தை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. பெண் பிள்ளை பெற்றவள் வயது போனாலும் தான் கட்டின வீட்டிலேயே மகளோடு இருந்துவிடலாம். ஆண் பிள்ளை பெற்றவள் எந்த மகனிடம் போனாலும் சம்பந்தி வீட்டுக்குத்தான் போகிறாள்.

"என்னட்டைக் கொண்டுபோகலாம். ஆனா அங்க மாமா, மாமி, கலியாணம் முடியாத மச்சாள். ரெண்டு அறைதான் அண்ணை," என்றான் வினோதன்.

"உன்னட்டை இடமில்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லி ஏன் மெலியிறாய்," என்றான் சதீஸ். "என்னட்டை வரட்டும். ஆஸ்பத்திரி கிட்ட. கக்கூசும் வீட்டுக்குள்ள."

உள்ளே இருந்து குரல் வந்தது. "நான் என்ர வீட்டில இருந்தால் என்னடா?"

"ஆரம்மா உங்களைப் பாக்கிறது?"

"பாக்கிறதுக்கு நான் என்ன படமே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை.

முதலில் வீட்டோடு நிற்க ஒரு மனுசியைப் பிடித்து விட்டார்கள். அந்த மனுசி தேத்தண்ணி போட, பத்மாசனி அக்கா வோக்கரைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய் நின்று எத்தனை கரண்டி சீனி என்று பார்த்தா. முற்றம் கூட்டினால் விளக்குமாறு பிடிக்கிற விதம் பிழை என்றா. பதினோராம் நாள் மனுசி மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று போனவ, திரும்பி வரவில்லை. பகலில் நான் எட்டிப் பார்ப்பேன். இராவில் விழுந்தால் ஆர் தூக்குவது? மாசி மாதம் நடுவில் சதீஸ் வான் பிடித்துக்கொண்டு வந்து அவவை வவுனியாவுக்குக் கொண்டுபோனான். அவ வீட்டைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்து, "வெள்ளிக்கிழமையில ஒரு விளக்குக் கொளுத்திவிடு," என்றா.

அதற்குப் பிறகு டெலிபோன் வரும். ஒவ்வொரு நாளும் வரும். மருமகள் ஜெயரூபி தங்கமான பிள்ளை என்பா. கந்தோர் வேலைக்குப் போக முதல் மாமிக்கு மருந்தும் சாப்பாடும் எடுத்து வைத்துவிட்டுத்தான் போவாளாம். மீன் வாங்கினால் முள்ளில்லாத துண்டு இவவுக்காம். எல்லாம் நல்லம் என்று சொல்லி முடிக்கிற குரல் நல்லமாக இருக்காது. கொஞ்ச நேரத்தால் உண்மைக் கதை வரும்.

"இஞ்ச தேத்தண்ணி ஏழு மணிக்குத்தான். எனக்கு நாலரைக்கு முழிப்பு. ரெண்டரை மணித்தியாலம் முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறன்."

"எழும்பிப் போய்ப் போட்டுக் குடியுங்கோவன் அக்கா."

"சம்பந்தி வீட்டுக் குசினிக்குள்ள நான் எப்பிடிப் போறது?"

பிறகு கேட்பா, "வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சே?"

"இல்லை. கமக்காரர் கூட்டம் வைச்சவை. வருசம் பிறந்த பிறகுதான் விடுவினமாம்."

"விட்ட உடன போனைக் கொண்டுபோய் வாய்க்காலடியில பிடி. விசரெண்டு ஆக்கள் நினைச்சால் நினைக்கட்டும்."

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் அவவின் வளவுக்குப் பின்னால்தான் போகும். காய்ந்து கிடந்த வாய்க்காலில் சித்திரையில் விதைக்கிற சிறுபோகத்துக்கு முதல் தண்ணீர் வரும்போது, சருகையும் தள்ளிக்கொண்டு ஒரு சத்தத்தோடு வரும். ஐம்பது வருசமாக அந்தச் சத்தத்துக்கு எழும்பின மனுசி. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில்கூட, மற்றவர்கள் தங்கள் வீட்டு முகட்டை நினைத்து அழ, இவ தண்ணீரை நினைத்து அழுதவ.

பங்குனியில் எனக்குக் கண் காட்ட வவுனியாவுக்குப் போக வேண்டி இருந்தது. அப்படியே தோணிக்கல்லில் இருக்கிற ஜெயரூபியின் வீட்டுக்கும் போனேன். வீடு துப்புரவாக இருந்தது. பின்னறையில் இரண்டு கட்டில். யன்னலோரத்துப் பெரிய கட்டிலில் பத்மாசனி அக்கா, சுவரோரத்துச் சின்னக் கட்டிலில் சம்பந்தி நாகேஸ்வரி அக்கா. அவ ஜெயரூபியின் தாய். புருசன் முந்தியே காலமாகிவிட்டார், பிள்ளை ஒன்றுதான். அறுபத்தெட்டு வயதிலும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, சமைத்து, உடுப்புத் தோய்த்து, அந்த வீட்டைத் தூக்கி நிறுத்துகிறவ அவதான்.

"பெரிய கட்டில் ஆற்றை?" என்று கேட்டேன்.

"என்ர," என்றா நாகேஸ்வரி அக்கா. "சம்பந்தியம்மாவுக்குக் குடுத்திட்டன். இடுப்பில கம்பி வைச்ச ஆளைச் சின்னக் கட்டிலில போடேலுமே."

"நான் வேண்டாமெண்டு சொன்னனான்," என்றா பத்மாசனி அக்கா.

"ஓம், சொன்னனீங்கள். வேண்டாமெண்டு நீங்கள் சொன்ன சாமான் இதுவரைக்கும் ரெண்டு. ஒண்டு கட்டில். மற்றது சீவிய உரித்து."

பத்மாசனி அக்கா முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தா. நாகேஸ்வரி அக்கா எனக்குச் சொன்னா, சிரித்துச் சிரித்துத்தான் சொன்னா. கலியாணத்துக்கு வீட்டை மகளின் பேரில் எழுதும்போது நொத்தாரிசு ஒரு வரி வைத்தாராம். எழுதிக் கொடுக்கிற தாய்க்குச் சீவிய உரித்து, அதாவது சாகும்வரைக்கும் அந்த வீட்டில் இருக்கிற உரிமை. பெற்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார், அதுதான் எங்கள் பத்மாசனி அக்கா, அந்த வரியை எடுக்கச் சொன்னாவாம்.

"இண்டைக்கு நீங்கள் இருப்பியள், நாளைக்கு உங்கட தம்பி குடும்பமும் வந்து குந்தும், பிறகு என்ர பிள்ளை எங்க போறது எண்டு கேட்டவ. நொத்தாரிசு என்னைப் பாத்தார். நான் வெட்டச் சொன்னனான். கலியாணம் குழம்பக் கூடாது எண்டு."

"நீங்கள் அதை இன்னும் மறக்கேல்லை," என்றா பத்மாசனி அக்கா.

"மறந்தால் கட்டில் தந்திருக்க மாட்டன். பகிடிக்குச் சொல்லுறன், அழாதேங்கோ. மகள் என்னைப் பூப்போலத்தான் வைச்சிருக்கிறாள். எண்டாலும் பாருங்கோ தங்கச்சி, போன வருசம் கிணத்தடிச் செவ்வரத்தையை வெட்டினவை. நான் நட்ட மரம். வெட்டுறம் எண்டு சொன்னவை. வெட்டட்டோ எண்டு கேக்கேல்லை."

பத்மாசனி அக்கா தான் இருந்த கட்டிலின் விளிம்பைத் தடவிக்கொண்டு சொன்னா, "நான் அப்ப என்ர பிள்ளையை மட்டும்தான் பாத்தனான் நாகேஸ்வரி."

"நானும் என்ர பிள்ளையைத்தான் பாத்தனான். அதுதான் வெட்டச் சொன்னனான்."

நான் வெளிக்கிட, பத்மாசனி அக்கா கேற் வரைக்கும் வோக்கரோடு வந்தா. "இந்தக் கட்டிலில எனக்கு நித்திரை வருகுதில்லை பிள்ளை. கிளிநொச்சிப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்காமே. போய்ப் பாக்க வேணும்."

சதீஸுக்குச் சொன்னபோது அவன் தட்டை விட்டு எழும்பிவிட்டானாம். "ரெண்டு பிள்ளை உயிரோட நிக்க மடத்தில கொண்டுபோய் விட்டவன் எண்டு ஊர் சொல்லட்டும் எண்டோ?"

"ஊர் சொல்லுறது உனக்குக் கேக்கும். நான் சொல்லுறதுதான் கேக்காது," என்றாவாம் தாய்.

கடைசியில் வினோதன் கூட்டிக்கொண்டு போனான், நானும் போனேன். சிவன் அருளால் அது நல்ல இடம். வேப்ப மரங்கள், கூட்டின மண், நீளமான மண்டபத்தில் பன்னிரண்டு கட்டில். ஐந்து மணிக்கு மணி அடித்துத் தேத்தண்ணி, பிறகு தேவாரம். பொறுப்பாக இருந்த அம்மா அன்பாகக் கதைத்தா. இரவில் இரண்டு பேர் முழித்திருப்பார்கள், கிழமைக்கு ஒருக்கால் டொக்டர் வருவார் என்று காட்டினா. வினோதன் கக்கூஸ் வாசலில் பிடிகம்பி இருக்கிறதோ என்றுகூடப் பார்த்தான். பத்மாசனி அக்கா ஒரு வெறுங்கட்டிலில் இருந்து கையால் மெத்தையைத் தடவினா.

"இஞ்ச ஆற்றையும் வீடில்லை," என்றா என்னிடம். "அது நல்லம். ஆரும் ஆருக்கும் விருந்தாளி இல்லை."

பிறகு அந்த அம்மாவைக் கேட்டா, "நான் உருத்திரபுரம். கிட்டத்தான். பகலில என்ர வளவுக்குப் போய்வரலாமே?"

"மாசத்தில ஒரு நாள் போகலாம் அம்மா. பிள்ளையள் வந்து கூட்டிக்கொண்டு போக வேணும். சேர்க்கிறதுக்கும் பிள்ளையள் ரெண்டு பேரும் கையெழுத்து வைக்க வேணும்."

வானில் ஏறின பிறகு வினோதன் சொன்னான், "அம்மா, உங்களுக்குப் பிடிச்சிருந்தால் நான் வைப்பன். அண்ணை வைக்க மாட்டார்." சொல்லிவிட்டு அழுதான். தாய் அவனுடைய முதுகைத் தடவிக்கொண்டு வந்தா.

சித்திரை வருசத்துக்கு எல்லாரும் உருத்திரபுரத்துக்கு வந்தார்கள். பள்ளிக்கூட லீவு. இரண்டு நாளில் சதீஸும் ஜெயரூபியும் பிள்ளைகளோடு திரும்ப, "நான் சம்பந்தியோட நிக்கிறன். லீவு முடிய வந்து ஏத்து," என்று நாகேஸ்வரி அக்கா நின்றுவிட்டா. பத்து நாள். பத்மாசனி அக்காவின் முகத்தை நான் அப்படி வெளிச்சமாகப் பார்த்துக் கனகாலம்.

முதல்நாள் காலையில் நாகேஸ்வரி அக்கா குசினி வாசலில் நின்று, "அரிசி எங்க இருக்கு? எடுக்கட்டோ?" என்று கேட்டா.

"கேக்காதேங்கோ. ஒவ்வொரு பேணியாத் திறந்து பாருங்கோ. இஞ்ச ஆருட்டையும் கேக்கிற வேலை இல்லை."

நாகேஸ்வரி அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தா. மூன்றாம் நாள் கட்டிலைத் தானே இழுத்து வாசல் பக்கம் போட்டா. போட்டுவிட்டுப் பயந்து வந்து சொன்னா. "நல்ல இடம்தான்," என்றா இவ, எழும்பிப் போய்ப் பார்க்காமலே. இரண்டு பேரும் ஓட்டோவில் சிவன் கோயிலுக்குப் போய்வந்தார்கள். ஒரு பானைச் சோற்றை நாள் முழுக்க வைத்துச் சாப்பிட்டார்கள். அயலட்டைக் கதை எல்லாவற்றையும் நாகேஸ்வரி அக்கா ஐந்தே நாளில் என்னைவிடக் கூட அறிந்துவிட்டா.

ஆறாம் நாள் தண்ணீர் வந்தது. விடியப்புறம் நாலு மணி இருக்கும். இரண்டு பேரும் வாய்க்கால் வரம்பில் பலகை போட்டு இருந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு இருந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"இதுக்கோ ரெண்டு மாசமா அழுதனீங்கள்?" என்றா நாகேஸ்வரி அக்கா.

"ஓம். இதுக்குத்தான்."

அவ கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தா. "அழலாம்," என்றா.

அன்றைக்குத்தான் பத்மாசனி அக்கா கேட்டா. "இஞ்சையே நில்லுங்கோவன் நாகேஸ்வரி. ரெண்டு பேருக்கும் ஒரு பானை காணும். என்ர கண் மூடினாலும் நீங்கள் இருக்கலாம். பிள்ளையளுக்குச் சொல்லிவிடுறன்."

யோசித்துச் சொல்லுகிறேன் என்றா நாகேஸ்வரி அக்கா. ஒவ்வொரு பின்னேரமும் வவுனியாவிலிருந்து ஜெயரூபி எடுப்பாள். சின்னவள் அம்மம்மா இல்லாமல் சாப்பிடுகிறாள் இல்லை என்பாள். இவ டெலிபோனை வைத்துவிட்டு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவா. ஒன்பதாம் நாள் பின்னேரம் கிணற்றடியில் நாங்கள் மூன்று பேரும் இருக்கும்போது அவ வாய் திறந்தா.

"எனக்கும் ஆசைதான். பொய் சொல்லேல்லை. இந்த ஒன்பது நாளும் நான் ஒருத்தரையும் கேக்காமல் மூச்சு விட்டனான். ஆனா நான் இஞ்ச நிண்டால் அவள் வேலைக்குப் போகேலாது. வீடு என்ர இல்லை எண்டாலும் அந்தப் பிள்ளையள் என்ர."

"விளங்குது," என்றா பத்மாசனி அக்கா.

"நீங்கள் இல்லத்துக்குப் போறதெண்டாலும் போங்கோ. சதீஸோட நான் கதைக்கிறன். என்ர சொல்லுக் கேப்பான், கையெழுத்து வைப்பான். கோவமில்லை. ஆனா ஒண்டு சொல்லவேணும். நீங்கள் வாறதுக்கு முன்னம் பதினொரு வருசமா அந்த அறையில நான் தனியப் படுத்தனான். பகல் முழுக்க வீடு நிறைய ஆக்கள். விளக்கை நூத்தால் ஒரு சொல்லுக் கதைக்க ஆளில்லை. இப்ப நீங்கள் நித்திரையில்லாமல் பெருமூச்சு விடேக்க எனக்கு ஆறுதலா இருக்கும், பாவம் எண்டு தெரிஞ்சும்."

பத்மாசனி அக்கா வாளிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தா. இல்லம் என்றால் கிட்ட. மாதம் ஒரு நாளாவது இந்த மண்ணை மிதிக்கலாம். தனிய இருக்கிறதென்றால் இடுப்பு விடாது. வவுனியா என்றால் இனி வருசத்தில் ஒரு தடவை, ஆரும் கூட்டிவந்தால்தான். மூன்றும் அவவுக்கு முன்னால் இருந்தன. நான் மனதுக்குள் சிவபுராணம் சொன்னேன். எனக்கு வேறென்ன தெரியும்.

அடுத்தநாள் காலை சதீஸ் வானோடு வந்தான். தாய் குளித்து, திருநீறு பூசி, பையைக் கட்டி வைத்திருந்தா. பையைக் கண்டதும் அவன் முகம் கறுத்துப் போனது.

"இல்லத்துக்கோ அம்மா?"

"வவுனியாவுக்கு."

அவன் பெரிய மூச்சொன்று விட்டான். "நீங்கள் வருவியள் எண்டு எனக்குத் தெரியும்."

"உனக்கெண்டு வரேல்லை. உன்ர மாமிக்கெண்டு வாறன். இனி நான் சின்னக் கட்டிலில படுப்பன், அவ பெரிய கட்டிலில. அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கக் கூடாது. அந்த வளவில என்னத்தை வெட்டுறதெண்டாலும் என்னத்தை நடுறதெண்டாலும் முதல் அவவைக் கேக்கோணும். பெண்சாதிக்கும் சொல்லு."

சதீஸ் தலையாட்டினான். நாகேஸ்வரி அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்தா.

"வீடு பூட்டிக் கிடக்கட்டும் அம்மா," என்றான் சதீஸ், தாயை ஆறுதல்படுத்துகிற மாதிரி. "நினைச்ச நேரம் வரலாம்தானே."

"வேண்டாம். ஆருக்கும் இருக்கக் குடு. பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாகி வந்த பிள்ளை ஒண்டு வீடில்லாமல் திரியுதாம்." பிறகு வான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, என்னைப் பார்த்துச் சொன்னா. "பூட்டி வைச்சால் நான் ஒவ்வொரு நாளும் வந்து திறப்பன் பிள்ளை. அங்க கட்டிலில கிடந்துகொண்டு வந்து திறப்பன். ஆக்கள் இருந்தால் கேக்காமல் உள்ள வரேலாது."

வைகாசியில் அந்த வீட்டுக்கு யதுர்ஷிகா ரீச்சரும் புருசனும் வந்தார்கள். இளம் ஆக்கள், மரியாதையான பிள்ளைகள். இரண்டாம் கிழமை ரீச்சர் வேலியடிக்கு வந்து கேட்டா. குசினியில் இருக்கிற மண் அடுப்பை உடைத்துப்போட்டுக் காஸ் அடுப்பு வைக்கப் போகிறார்களாம், வீட்டுக்கார அம்மாவுக்கு மனவருத்தமாக இருக்குமோ என்று. நான் டெலிபோன் எடுத்துக் கேட்டேன்.

"என்னட்டை ஏன் கேக்கிறா," என்றா பத்மாசனி அக்கா. "அவ சமைக்கிற குசினி. உடைக்கட்டும்."

பக்கத்தில் நாகேஸ்வரி அக்கா எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் டெலிபோனை வைக்கப் போனேன்.

"பிள்ளை," என்றா பத்மாசனி அக்கா. "புது அடுப்பை எந்தப் பக்கம் பாத்து வைக்கப் போறாவாம்?"